25 ஸ்லைடு, 1,150 ரூபாய்: லேபிளை மட்டும் நம்பாதீர்கள்

பிளஸ் ஒன் பிராக்டிகலுக்காக ஆன்லைனில் வாங்கிய, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் தாவர ஸ்லைடு பெட்டி இது. வந்து சேர ஒன்பது நாள். ஒன்றுகூட உடையவில்லை, பேக்கிங்கைக் குறை சொல்ல முடியாது.

குறை லேபிளில். 'சூரியகாந்தித் தண்டு' என்று ஒட்டியிருந்ததை 10 எக்ஸ் லென்ஸில் பார்த்தால், வாஸ்குலக் கற்றைகள் (நீரும் உணவும் கடத்தும் குழாய்க் கட்டுகள்) எள்ளை இறைத்த மாதிரி தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி மண்டையோடு: கண்ணுக்கு நீர் கடத்தும் இரண்டு பெரிய மெட்டாசைலக் குழாய்கள், வாய்க்கு முதலில் உருவான சைலம் சிதைந்துபோன புரோட்டோசைல இடைவெளி, சுற்றிலும் கெட்டியான ஸ்கிளிரன்கைமா செல்களின் உறை. மக்காச்சோளமேதான். சூரியகாந்தி என்றால் கற்றைகள் வளையமாக நிற்கும், நீர் கடத்தும் சைலத்துக்கும் உணவு கடத்தும் ஃபுளோயத்துக்கும் நடுவே புதுச் செல்களை உண்டாக்கும் கேம்பியம் இருக்கும். அது 'மக்காச்சோளம்' லேபிளுக்கடியில் கிடைத்தது! கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ரெண்டுமே பெட்டிக்குள்ளதானே இருக்கு மேடம்" என்றார். நானே எழுதி மாற்றி ஒட்டினேன்.

சாயமேற்றியதில் கை தேர்ந்தவர்கள்தான். சாஃப்ரனின் சாயம் பிடித்த சைலம் பளிச்சென்று சிவப்பு, லிக்னின் என்ற மரப்பொருள் இல்லாத சுவர்கள் பச்சை. வேர் ஸ்லைடு மட்டும் தடிமனாகச் சீவியது. அகத்தோல் செல்களின் சுவரில் நீர் புகாத பட்டையாக ஓடும் காஸ்பேரியன் பட்டை 40 எக்ஸிலும் கலங்கல்.

எனக்குப் பிடித்தது அரளி இலை. மேல்தோலே இரண்டு மூன்று அடுக்கு. அடிப்பக்கம் குழிகுழியாக இருக்கும். குழிக்குள் மயிர், மயிருக்கு நடுவே இலைத்துளைகள். "குழிக்குள்ள இருந்தா காத்தே படாதே டீச்சர்?" என்றான் ஒரு பையன். படக் கூடாதுடா, அதுக்குத்தான் குழி. உள்ளே ஈரக்காற்று தேங்கி நிற்கும், வெளியே போகிற நீராவி குறையும். நாற்கரச் சாலை நடுவே மே மாத வெயிலிலும் அரளி ஏன் வாடாமல் பூக்கிறது என்பதை அவனே எழுந்து மற்றவர்களுக்குச் சொன்னான்.

தண்டுக்காக இதை வாங்க வேண்டாம். வேலியோரத்து வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து, புது பிளேடால் மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டு சாஃப்ரனின் விட்டால் வளையம் அழகாகத் தெரியும். அரளியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து வெட்டச் சொல்ல முடியாது, விஷப்பால். அதற்கு ஸ்லைடுதான் சரி.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வாங்கினால் அன்றைக்கே 25-ஐயும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் தருகிறார்கள். நான் பெட்டியைத் திறந்தது, அது வந்த பத்தாவது நாள்.