நேரு வீதியா, ஆன்லைனா?

தீபாவளித் துணிக்குப் புதுச்சேரி நேரு வீதிக்குப் போவதா, போனிலேயே முடித்துவிடுவதா?

விலை: ஆன்லைனில் தள்ளுபடி அதிகம்; டெலிவரி கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதிச் சந்தையில் பேரம் பேசலாம்.

துணி: இங்கே கடைதான். படத்தில் அரக்குச் சிவப்பாக இருந்த புடவை, கைக்கு வந்தபோது செங்கல் நிறம்! கடையில் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முந்தானையை விரலிடையில் கசக்கியே பார்த்துவிடலாம்.

மாற்றுவது: திருப்பி எடுக்கும் விதியை ஆன்லைனில் முன்பே காட்ட வேண்டும் என்பது 2020 முதல் சட்டம். படித்துவிட்டு வாங்குங்கள். கடையில் பில் இருந்தால் வேறு துணி தருவார்கள். பணம் திரும்புவது அபூர்வம்.

அலைச்சல்: நேரு வீதியில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே தனி வேலை.

சரி, பட்டும் செருப்பும் கடையில். அளவு தெரிந்த பனியன், சார்ஜர் வகையறா ஆன்லைனில்.