ஆக்சில் பிரீதரை மேலே ஏற்றி நான்கு வருடம்

என் வண்டியின் பின் ஆக்சிலில் (பின் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்கள் ஆயிலோடு அடங்கிய கூடு) ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் பிளக்கைக் கழற்றியதும் முதலில் வந்தது ஆயில் இல்லை, தண்ணீர். அது ஒழுகி முடிந்த பிறகுதான், பால் கலந்ததுபோல் வெளுத்த ஆயில் கொழகொழவென்று இறங்கியது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஆற்றைக் கடந்திருந்தேன். சக்கரத்தின் நடுவுக்குக் கொஞ்சம் மேல்வரைதான் தண்ணீர், ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. வண்டியில் அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை, ஒரு அறிகுறியும் இல்லை. அந்த மூன்று வாரமும் உள்ளே பேரிங்கும் பற்சக்கரமும் தண்ணீரில் ஊறியிருக்கின்றன என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஆக்சில் மூச்சு விடும் துவாரமான பிரீதரை ஒரு டியூப் போட்டு, தண்ணீர் எட்டாத உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும். ஆக்சில் கூட்டுக்குள் பாதிக்கும் குறைவாகத்தான் ஆயில். மீதி எல்லாம் காற்று. ஓட ஓட ஆயில் சூடாகும், காற்று விரியும், அது வெளியேறத்தான் ஆக்சில் மேல் ஒரு சின்ன மூடிபோல் பிரீதர். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் கதை தலைகீழாகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும். 80 டிகிரியில் இருந்த காற்று 25 டிகிரிக்கு இறங்கினால், முழுக்க அடைபட்ட கூட்டில் அழுத்தம் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும். ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீர் அழுத்துவதற்குச் சமமான இழுவை அது. பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் அதன் வழியாகவே தண்ணீர் ஏறும். பிரீதரைச் சேறு அடைத்து இறுகிப்போயிருந்தால், சுழலும் அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான சீல் வழியாக ஏறும். சீலின் உதடு ஆயிலை உள்ளே நிறுத்தி வைக்கத்தான் வடிவமைக்கப்பட்டது, வெளித் தண்ணீரோடு மல்லுக்கட்ட அல்ல.

டியூபைப் பொருத்துவது ஒரு நாள் வேலை. பழைய பிரீதரைக் கழற்றும் முன் அந்த இடத்தை பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்தேன். அந்த ஓட்டை நேராகக் கூட்டுக்குள் திறக்கிறது. மேலே காய்ந்திருக்கும் மண் உள்ளே விழுந்தால் எடுக்க வழியில்லை. மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே பழையதைக் கையில் வைத்து ஒப்பிட்ட பிறகே ஃபிட்டிங் வாங்குங்கள். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றாமல் திரவ சீலன்ட்டை மெல்லிசாகத் தடவினேன், நுனியில் இரண்டு மரையை விட்டுவிட்டு. டேப் பிய்ந்து ஆயிலுக்குள் போவதை நான் விரும்பவில்லை. டியூப் 8 மில்லிமீட்டர் நைலான். அதைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டினால் அழுத்திச் செருகும் புஷ்-ஃபிட் கனெக்டரில் சரியாக உட்காராது. பிளேடால் நேராக, ஒரே வெட்டு.

டியூபை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதில்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும். நான் சறுக்கியதும் அங்கேதான், இரண்டு முறை.

முதல் சறுக்கல், பின் டியூபின் நீளம். வண்டி தரையில் நிற்கும்போது அளந்து, அழகாக இழுத்துக் கட்டிவிட்டேன். ஒரு சக்கரம் பாறை மேல் ஏற, மறு சக்கரம் பள்ளத்தில் தொங்க, ஆக்சில் எவ்வளவு இறங்கும் என்று யோசிக்கவே இல்லை. சில மாதம் கழித்துக் கீழே படுத்துப் பார்த்தால், டியூப் கனெக்டரிலிருந்து உருவிக்கொண்டு தனியாகத் தொங்குகிறது. ஃபிட்டிங்கைச் சுற்றி ஆயில் பனிபோல் படிந்து, அதன்மேல் புழுதி ஒட்டி, ஒரு கறுப்பு வட்டம். திறந்த ஓட்டையோடு எத்தனை ஓடையைக் கடந்தேனோ! அப்புறம் சேசிஸை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சக்கரமும் முழுக்கத் தொங்கும் நிலையில் அளந்து, பிரேக் ஹோஸ் எப்படித் தளர்வாக வளைந்து போகிறதோ அதே மாதிரி வளைவு கொடுத்தேன். நைலான் சின்ன வளைவில் மடிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் அந்த இடத்துக்கு மட்டும் ரப்பர் ஹோஸ். பிரேக் லைன் போகும் வழியிலேயே கொண்டுபோகலாம், ஆனால் கேபிள் டையை பிரேக் லைன் மேல் போடாதீர்கள். சைலன்சர் குழாயிலிருந்தும் நன்றாகத் தள்ளியே இருக்கட்டும்.

இரண்டாவது, மேல் முனை. பின் ஆக்சில் டியூபைப் பின் விளக்குக்குப் பின்னால் உள்ள குழிக்குள் முடித்திருந்தேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், வேலையும் சுலபம். சமதளத் தண்ணீரில் அது போதும். ஆனால் ஆற்றிலிருந்து கரையேறும்போது வண்டியின் மூக்கு தூக்கி, பின்பக்கம் அமிழும். அப்படி ஒரு ஏற்றத்தில் விளக்குக்குள்ளேயே தண்ணீர் நிற்பதைப் பார்த்த அன்று டியூபை நீட்டி, பானெட்டுக்கு அடியில், இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலின் உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டேன். முன் ஆக்சில், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) மூன்றின் பிரீதர் டியூப் முனையும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன. நான்கையும் ஒரே மேனிஃபோல்டில், அதாவது ஒரு பொதுக் குழாயில், இணைக்கச் சொல்வார்கள். நான் இணைக்கவில்லை. தனித்தனியாக இருந்தால் எந்த டியூபில் ஆயில் ஏறியிருக்கிறது என்று பார்த்ததும் தெரிகிறது.

மூன்றாம் வருடம் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பின் ஆக்சிலில் பினியன் சீல் (சுழலும் தண்டு ஆக்சிலுக்குள் நுழையும் இடத்துச் சீல்) லேசாகக் கசிந்தது. வயதாகிவிட்டது என்று சீலை மாற்றினோம். இரண்டே மாதத்தில் மறுபடி ஈரம். ஆயில் அளவு பார்க்க, நல்ல ஓட்டத்துக்குப் பிறகு, ஆயில் ஊற்றும் துளையை மூடும் ஃபில்லர் பிளக்கைத் தளர்த்தினேன். ‘புஸ்’ என்று காற்று சீறியது. உடனே பானெட்டைத் திறந்து, டியூபின் முனையில் புழுதி போகாமலிருக்க மாட்டியிருந்த ஃபில்டரைக் கழற்றினால், புழுதியும் ஆயிலும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகியிருக்கிறது. வெளியேற வழியில்லாத காற்றுதான் சீல் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. ஒரு பழுதும் இல்லாத சீலைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். பக்கத்தில், ஃபில்டர் கழன்று விழுந்திருந்த கியர்பாக்ஸ் டியூபின் வாயில் ஒரு குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. அடைபட்ட நீள டியூபைவிட, வேலை செய்யும் பழைய சின்ன மூடி எவ்வளவோ மேல்.

அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டர்களைக் கழற்றி, கழுவி, காய வைத்து மாட்டுகிறேன். ஃபில்லர் பிளக்கைத் திறந்து வைத்துக்கொண்டு மேல் முனையில் வாயால் ஊதுவேன். கீழே ஒருவர் விரல் வைத்துக் காற்று வருகிறதா என்று சொல்வார். கம்ப்ரசர் காற்றை அதில் அடிக்கவே கூடாது, சீல் பிதுங்கிவிடும்.

சீல் கிழிந்திருந்தால் பிரீதர் எந்த உயரத்தில் இருந்தும் பயனில்லை. தண்ணீர் தன் வழியில் போகத்தான் செய்யும். அதனால் ஆழமான தண்ணீர் என்றால் இன்றும் இறங்கும் முன் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி ஆற விடுகிறேன். கடந்து வந்த அடுத்த நாள் ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரல் விட்டு ஆயிலின் நிறத்தைப் பார்க்கிறேன். ட்ரெய்ன் பிளக்கையும் ஒரு நொடி தளர்த்திப் பார்ப்பது இன்னும் நல்லது, தண்ணீர் அடியில்தான் தங்கும்.

போன மாதம் பின் ஆக்சில் ஆயிலை மாற்றினேன். நான்கு வருடத்தில் எத்தனையோ ஆறு, ஓடை. பாத்திரத்தில் விழுந்த ஆயில் பழையதாகக் கறுத்திருந்தது, அவ்வளவுதான், வெளுப்பு இல்லை. இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்த பிளக்கில் வழக்கமான சாம்பல் பசை, துரு இல்லை. முன் ஆக்சிலை அடுத்த வாரம் திறக்கிறேன்.