அடாப்பலீன் 0.1 சதவீத ஜெல்: மருந்துக்கு முழு மதிப்பெண், பெட்டிக்குப் பாதி

தாடையோரத்திலும் கன்னங்களிலும் விடாமல் வந்துகொண்டிருந்த பருக்களுக்காகத் தோல் மருத்துவர் எழுதித் தந்த அடாப்பலீன் 0.1 சதவீத ஜெல்லைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இதே மருந்தை நம் நாட்டில் பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. மூலப்பொருளும் அதன் அளவும் ஒன்றே என்பதால் நிறுவனப் பெயரைத் தவிர்த்து, மருந்தைப் பற்றியும் அதைப் பூசும் முறையைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். பருவுக்கு இது நல்ல மருந்து என்பதே என் மதிப்பீடு. ஆனால் பூசும் விதம் பிசகினால் இதே மருந்து முகத்தை எரியவைத்து உரித்துவிடும். அதைத் தவிர்ப்பதற்கான தகவலைப் பெட்டி, வாங்குபவருக்குப் புரியும்படி தருவதில்லை.

அடாப்பலீன் ரெட்டினாய்டு வகையைச் சேர்ந்தது; வைட்டமின் ஏ தோலில் செயல்படும் வழியை ஒட்டியே இதுவும் செயல்படுகிறது. மயிர்க்காலின் துளைக்குள் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டித் துளையை அடைத்துக்கொள்வதும், அந்த அடைப்புக்குப் பின்னால் எண்ணெய்ப்பசை தேங்குவதும்தான் பருவின் தொடக்கம். அந்தச் செல்கள் முதிர்ந்து உதிரும் முறையை அடாப்பலீன் சீராக்குகிறது. அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பருவின் தலையில் மட்டும் ஒரு பொட்டு வைத்துவிட்டு மறுநாள் அது அமுங்குமா என்று பார்ப்பதில் பயனில்லை. பரு வரக்கூடிய பகுதி முழுவதிலும் மெல்லிய படலமாகப் பூசினால்தான், இனி வரவிருக்கும் பருக்களை அது தடுக்கும். இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டவர்களுக்கு, பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் வரை ஆகும் என்று மருத்துவர்கள் சொல்வதும் வியப்பாக இருக்காது.

அமெரிக்காவில் 1996இல் மருந்துச் சீட்டின் பேரில் மட்டும் தரப்படும் மருந்தாக அனுமதி பெற்ற இதன் 0.1 சதவீத ஜெல், 2016இல் அங்கே சீட்டில்லாமலே வாங்கக்கூடியதாக மாற்றப்பட்டது. இந்தியாவில் இது இன்றும் மருத்துவர் சீட்டுக்கு உரிய மருந்துதான். அங்கே தாராளமாகக் கிடைப்பதை இங்கே ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. பருவைப் போலவே தோன்றும் ரோசேசியா (முகம் நீடித்துச் சிவக்கும் தோல் நோய்), பூஞ்சைத் தொற்றால் மயிர்க்கால்களில் வரும் பொரிகள், ஸ்டீராய்டு கிரீம்களால் கிளம்பும் பருக்கள் ஆகியவற்றைப் பிரித்தறிவது கண்ணாடி முன் நின்று செய்யக்கூடிய வேலையன்று. சிவந்து எரிச்சல் கொண்ட தோலில் இந்த ஜெல்லைப் பூசினால் நிலைமை மோசமாகவே வாய்ப்பு அதிகம்.

ஜெல் வெண்மையாக, வாசனை இல்லாமல், பிசுபிசுப்பின்றி விரைவில் உலர்கிறது. எண்ணெய்ப்பசை மிகுந்த தோலுக்கு ஜெல் வடிவமும், வறண்ட தோலுக்கு இதே மருந்தின் கிரீம் வடிவமும் பொருந்தும் என்பார்கள். புழுக்கம் மிகுந்த நம் ஊர்களில் கிரீமைவிட ஜெல்லே முகத்தில் இதமாக இருக்கிறது. 15 கிராம் டியூப் சிறியதாகத் தோன்றினாலும், சரியான அளவில் எடுத்தால் இரவுதோறும் பூசியும் ஒரு மாதத்தைத் தாண்டி வருகிறது. டியூப் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டால், தேவைக்கு அதிகமாகப் பூசுகிறோம் என்று பொருள்.

அளவு என்பது முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி. நெற்றி, இரு கன்னங்கள், தாடை ஆகியவற்றில் சிறு சிறு புள்ளிகளாக வைத்து, தேய்க்காமல் மெல்லப் பரப்ப வேண்டும். அதிகம் பூசினால் விரைவில் குணமாகும் என்ற எண்ணம் இந்த மருந்தில் செல்லாது. அதிகமாவது எரிச்சல் மட்டுமே. இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும். ஈரமான தோலில் மருந்து கூடுதலாக ஊடுருவி எரிச்சலைக் கூட்டும் என்பதால், கழுவிய பின் கால்மணி நேரமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். இமைகள், கண்ணின் ஓரங்கள், மூக்குத் துவாரங்களை ஒட்டிய மடிப்பு, உதடுகள், வாயின் இரு கோடிகள் ஆகிய இடங்களில் மருந்து படக்கூடாது. அங்கெல்லாம் தோல் மெல்லியது, மேலும் மடிப்புகளில் ஜெல் வழிந்து தேங்கிக்கொள்ளும். முன்னெச்சரிக்கையாக அந்த இடங்களில் முதலில் சிறிது வாசலின் தடவிக்கொள்வது எளிய வழி. வெட்டுக்காயம், சிரங்கு, வெயிலில் கன்றிய தோல் ஆகியவற்றின் மீதும் பூசக்கூடாது.

முதல் இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும் பூசி, தோல் பழகிய பின் இரவுதோறும் என்று மாறுமாறு என் மருத்துவர் சொன்னார். உணர்திறன் மிக்க தோலுள்ளவர்கள் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ஜெல், மீண்டும் மாய்ஸ்சரைசர் என்று பூசலாம் என்றும் சொன்னார். இதனால் மருந்தின் வேகம் சற்றுக் குறையக்கூடும். ஆனால் எரிச்சல் தாங்காமல் பாதியில் நிறுத்துவதைவிட மெதுவாகத் தொடர்வது மேல். மாய்ஸ்சரைசர் துளைகளை அடைக்காத வகையாக, வாசனைத் திரவியம் சேர்க்காததாக இருக்க வேண்டும்.

தொடக்க வாரங்கள் பொறுமையைச் சோதிக்கும். தோல் வறண்டு செதில் செதிலாக உரிவதும், பூசியவுடன் சிறிது சுருக்கென்று எரிவதும், இலேசாகச் சிவப்பதும் எதிர்பார்க்கக் கூடியவையே. இருக்கும் பருக்கள் இன்னும் அதிகமாகத் தோன்றுவதும் சிலருக்கு நேரும். பெரும்பாலோர் மருந்தைத் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லா எரிச்சலையும் 'மருந்து வேலை செய்கிறது' என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதும் அதே அளவு தவறு. தோல் வெடித்து நீர் வடிந்தாலோ, முகமோ இமைகளோ வீங்கினாலோ, தடிப்புடன் கடும் அரிப்பு வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் மாநிறத் தோலில் தொடர் எரிச்சலே கருமையான தழும்பை விட்டுச் செல்லும் என்பதை நினைவில் வைத்தால், நிதானத்தின் தேவை விளங்கும்.

பகலில் சன்ஸ்கிரீன் இன்றி இந்த மருந்தைப் பயன்படுத்தக்கூடாது. மருந்து பூசிய தோல் வெயிலில் எளிதில் கன்றும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். சித்திரை வெயிலில் இருசக்கர வாகனத்தில் அலைபவர்கள் ஒரு துப்பட்டாவையோ தொப்பியையோ சேர்த்துக்கொள்வது நல்லது. மருந்தின் விலையோடு மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துத்தான் இந்தச் சிகிச்சையின் செலவைக் கணக்கிட வேண்டும். பெரும்பாலும் துணைப் பொருள்களுக்கே அதிகம் செலவாகிறது.

வீட்டு வைத்தியங்களை இந்தக் காலத்தில் ஓரம்கட்ட வேண்டும். எலுமிச்சைச் சாறு, பற்பசை, கரகரப்பான ஸ்க்ரப் போன்றவை ஏற்கெனவே மென்மையாகிவிட்ட தோலைப் புண்ணாக்கும். மருந்து பூசும் இடத்தில் வாக்சிங் செய்தால் தோலே சேர்ந்து உரிந்து வரக்கூடும் என்பதால், அழகு நிலையத்தில் மேலுதட்டு முடியை எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷ், மற்றொரு ரெட்டினால் சீரம் ஆகியவற்றையும் மருத்துவர் சொல்லாமல் சேர்க்கக்கூடாது.

மருத்துவரே வேறு மருந்துகளைச் சேர்த்துத் தருவது வேறு விஷயம். பருவுக்கான மற்றொரு பூச்சு மருந்தான பென்சாயில் பெராக்சைடுடன் சேர்ந்தாலும் அடாப்பலீன் சிதைவதில்லை. பழைய ரெட்டினாய்டான டிரெட்டினாயினின் வழக்கமான ஜெல்களைவிட இதற்குள்ள முக்கியச் சாதகங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் இரண்டையும் ஒரே டியூபில் சேர்த்தே விற்கிறார்கள். அந்தக் கலவையை வாங்குபவர்கள் வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பென்சாயில் பெராக்சைடு வண்ணத் துணிகளை வெளுத்துவிடும். கிளின்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும். சொன்ன காலத்துக்கு மேல் அதை நீட்டிக்கக்கூடாது.

மருந்துக் கடையில் வேறு ஓர் அபாயம் இருக்கிறது. சீட்டில் எழுதியது இல்லையென்றால், 'இதுவும் அதேதான், சீக்கிரம் கேட்கும்' என்று கிரீம் ஒன்றை நீட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படித் தரப்படுபவற்றில் ஸ்டீராய்டு கலந்தவை இருக்கும். முதல் சில நாள்கள் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தியவுடன் பருக்கள் முன்னைவிடக் கூட்டமாகக் கிளம்பும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டிய பட்டியலுக்குக் கொண்டுவந்தது. இருந்தும் பெட்டியைத் திருப்பி மூலப்பொருளைப் படிப்பது நம் கடமைதான். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் தென்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடாப்பலீனிலேயே 0.3 சதவீதமும் உண்டு, சீட்டில் 0.1 என்றிருந்தால் 0.1 மட்டுமே வாங்க வேண்டும்.

இனி பெட்டியைப் பற்றிய என் குறை. உள்ளே மடித்து வைத்திருந்த தாள் முழுவதும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், மருத்துவர்களை நோக்கி எழுதப்பட்டிருந்தது. பட்டாணி அளவு என்ற ஒரு வரி, சன்ஸ்கிரீன் என்ற ஒரு வரி, கர்ப்பிணிகள் பயன்படுத்தக்கூடாது என்ற ஒரு வரி ஆகிய மூன்றையும் தமிழில் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கலாம். மூன்றாவது மிக முக்கியம்: தோல் வழியே மிகச் சிறிய அளவே உடலுக்குள் செல்கிறது என்றாலும், கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் பூச்சு ரெட்டினாய்டுகளைப் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் அறிவுறுத்தியது. பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

எனக்குப் புதிய பருக்கள் பெருமளவு குறைந்துவிட்டன; மூக்கைச் சுற்றியிருந்த கரும்புள்ளிகளும் மங்கிவிட்டன. பழைய கருந்தழும்புகள் மெதுவாகவே வெளிறுகின்றன. குழி விழுந்த வடுக்களில் மாற்றமே இல்லை. அத்தகைய வடுவை நிரப்புவதற்காக இதை வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆழமான, வலிக்கும் கட்டிகளாகப் பரு வருபவர்களுக்கும் ஜெல் மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படலாம். முகம் தெளிந்தவுடன் நிறுத்தினால் பரு திரும்பும் என்பதால், மருத்துவர் சொல்லும் காலம் வரை நான் இதைத் தொடரவே போகிறேன்.