கட்டணத்தை நாமே சரிபார்க்க முடிகிறதா? ஸ்பெயினில் ஒரு குடியிருப்பு நிர்வாகச் சேவை

அலிகாந்தே மாகாணத்தின் கடற்கரையூர் ஒன்றில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகத்தைச் சென்ற ஆண்டு புதிய அலுவலகம் ஒன்றிடம் ஒப்படைத்தோம். இத்தகைய பொறுப்பாளரை ஸ்பெயினில் 'அட்மினிஸ்திரதோர் தே ஃபிங்காஸ்' என்பார்கள். கணக்கு எழுதுவது, உரிமையாளர் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வது, ஆண்டுச் செலவுத் திட்டம் தயாரிப்பது, கட்டணம் வசூலிப்பது, பழுது பார்க்க ஆள் அமர்த்துவது எல்லாம் அவருடைய வேலை. இந்தச் சேவையைப் பற்றிப் பேச்சு வந்தால் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, அவர் மாதம் எவ்வளவு வாங்குகிறார் என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு என்று நான் கருதுகிறேன். அவர் அனுப்பும் செலவுத் திட்டத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்கு விதித்திருக்கும் தொகையை நானே கணக்கிட்டுச் சரிபார்க்க முடிகிறதா? இந்த அலுவலகம் அனுப்பும் தாளைக் கொண்டு முடிகிறது. அதனால்தான் சில குறைகள் இருந்தும் இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன்.

முந்தைய அலுவலகம் ஆண்டுதோறும் மாதத் தொகையை ஒரே வரியில் அறிவித்துவிடும். அது எப்படி வந்தது என்று கேட்டால், கூட்டத்தில் ஒப்புதல் பெற்ற தொகை என்று பதில் வரும். அந்தப் பதில் பொய்யில்லை; ஆனால் போதவே போதாது. ஸ்பெயினில் பொதுக் கட்டணம் இரண்டு வெவ்வேறு முடிவுகளிலிருந்து பிறக்கிறது. கட்டடம் முழுவதற்கும் அந்த ஆண்டு ஆகக்கூடிய செலவை, ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டிய உரிமையாளர் கூட்டம் முடிவு செய்கிறது. அந்தச் செலவில் ஒவ்வொரு வீடும் ஏற்க வேண்டிய விழுக்காடோ, கட்டடத்தின் மூலப் பத்திரத்திலேயே, பெரும்பாலும் கட்டியவர் விற்பனையைத் தொடங்கும்போதே, எழுதப்பட்டுவிடுகிறது. 1960ஆம் ஆண்டின் 49ஆம் எண் சட்டம், அதாவது அடுக்குமாடிச் சொத்துரிமைக்கான சட்டம், இந்த விழுக்காட்டை எவற்றைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது: கட்டடத்தின் மொத்தப் பயன்பாட்டுப் பரப்பில் அந்த வீட்டின் பங்கு, வீடு உட்புறம் பார்த்ததா வெளிப்புறம் பார்த்ததா என்பது, அதன் இருப்பிடம், பொது வசதிகளை அந்த வீட்டார் நியாயமாக எவ்வளவு பயன்படுத்துவார்கள் என்ற கணிப்பு. ஆகவே ஒரே பரப்புள்ள இரண்டு வீடுகளுக்கு வெவ்வேறு விழுக்காடு இருந்தால் அதைத் தவறு என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பத்திரத்தில் உள்ள இந்த எண்ணை மாற்ற வேண்டுமானால் பொதுவாக எல்லா உரிமையாளர்களும் ஒருமனதாக இசைய வேண்டும் என்பதால், பெரிய குடியிருப்புகளில் அது ஏறக்குறைய மாறாத எண்ணாகவே நின்றுவிடுகிறது.

புதிய அலுவலகம் முதலில் செய்த வேலை, சொத்துப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டின் விழுக்காட்டையும் எடுத்துத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, அந்தப் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பியது. என் வீட்டின் எண் 3.25 விழுக்காடு. இந்த ஆண்டுத் திட்டத்தின் மொத்தத் தொகை 36,000 யூரோ. இரண்டையும் பெருக்கினால் ஆண்டுக்கு 1,170 யூரோ, மாதத்துக்கு 97.50 யூரோ வருகிறது. ஆனால் என்னிடம் கேட்கப்பட்ட தொகை 98.80 யூரோ. இந்த 1.30 யூரோ வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைத் தாளின் இரண்டாம் பகுதி தானாகவே விளக்குகிறது. தரைத்தளக் கடைகளுக்கு லிஃப்ட் செலவிலிருந்து விலக்கு உண்டு என்று எங்கள் விதிமுறைப் பத்திரம் சொல்கிறது. ஸ்பெயினில் பல கட்டடங்களில் இப்படி ஒரு விதி உண்டு. கடைகளின் மொத்தப் பங்கு 12 விழுக்காடு. எனவே லிஃப்டுக்கான 3,520 யூரோவை மீதமுள்ள 88 பங்குகளே சுமக்க வேண்டும். ஒரு பங்குக்கு 40 யூரோ, என் 3.25 பங்குக்கு 130 யூரோ. ஏனைய 32,480 யூரோவில் என் பங்கு 1,055.60 யூரோ. கூட்டினால் 1,185.60, பன்னிரண்டால் வகுத்தால் சரியாக 98.80. இதைச் சரிபார்க்க ஒரு காகிதமும் பென்சிலும் போதும். எத்தனையோ ஆண்டுகளாகக் கட்டிவரும் தொகை எப்படி உருவாகிறது என்பதை எங்கள் குடியிருப்பில் பலர் இந்த ஆண்டுதான் முதன்முறையாகக் கண்டார்கள். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் நிறைந்த கட்டடத்தில் இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

காப்பு நிதி, அதாவது பழுதுபார்ப்பு போன்ற செலவுகளுக்கென ஒதுக்கி வைக்கும் இருப்பு, விஷயத்தில் இந்த அலுவலகம் செய்த திருத்தத்துக்குத் தனியாகவே நன்றி சொல்ல வேண்டும். கடைசியாக நிறைவேறிய வழக்கமான ஆண்டுச் செலவுத் திட்டத்தில் குறைந்தது 10 விழுக்காடு காப்பு நிதியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 5 விழுக்காடாக இருந்த இந்த அளவு 2019இல்தான் உயர்த்தப்பட்டது. கையில் எப்போதும் இருக்க வேண்டிய இருப்பின் அளவே அது. முந்தைய அலுவலகமோ, நிதி நிறைந்த பிறகும், ஆண்டுதோறும் செலவுப் பட்டியலின் கடைசியில் பத்து விழுக்காட்டைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டே வந்தது. பணம் எங்கும் போய்விடவில்லை, வங்கிக் கணக்கில்தான் கிடந்தது. என்றாலும் தேவையில்லாமல் வசூலித்த பணம் அது. புதியவர்கள் வங்கி இருப்பைத் தாளின் தலைப்பிலேயே அச்சிட்டு, நிதி போதுமான அளவு இருப்பதைக் காட்டி, அந்த வரியை நீக்கிவிட்டார்கள்.

கூட்டத்தில் அலுவலகத்தின் பிரதிநிதி நடந்துகொண்ட விதமும் எனக்குப் பிடித்தது. கோடையில் மட்டும் வந்து தங்குபவர்கள் சிலர், நீச்சல் குளத்தைப் பத்து மாதங்கள் நாங்கள் பார்ப்பதே இல்லையே, எங்களுக்குக் குறைக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஒரு வசதியைப் பயன்படுத்தாமல் இருப்பது கட்டணத்திலிருந்து விலக்கு ஆகாது என்று சட்டத்தின் ஒன்பதாம் பிரிவை எடுத்துக்காட்டிய அவர், அதோடு நிறுத்தாமல், குளத்தின் பராமரிப்பு ஒப்பந்தத்தில் குளிர்கால மாதங்களுக்குக் குறைந்த விகிதம் பேச முடியும் என்ற யோசனையையும் முன்வைத்தார். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று இன்னொரு தரப்பு கோரியது. உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினர், விழுக்காட்டிலும் ஐந்தில் மூன்று பங்கு உடையவர்களாக இருந்து வாக்களித்தால், அந்த வீடுகளுக்கு 20 விழுக்காட்டுக்கு மிகாமல் உயர்த்தலாம், ஆனால் பின்தேதியிட்டு வசூலிக்க முடியாது என்று அவர் தெளிவாகச் சொன்னார். வாக்கு எண்ணிக்கை போதவில்லை. பேச்சு அத்துடன் நின்றது.

'டெர்ராமா' எனப்படும் சிறப்பு வசூலையும் இதே ஒழுங்கோடு கையாண்டார்கள். முகப்புச் சுவரின் பழுதுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, அவற்றைக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பி, தவணைத் தேதிகளையும் தீர்மானத்திலேயே எழுத வைத்தார்கள். தேதி எழுதுவது வெறும் சம்பிரதாயம் அன்று. மேம்பாட்டுப் பணிகளுக்கான வசூலைப் பொறுத்தவரை, தொகை கட்ட வேண்டிய நாளில் யார் உரிமையாளரோ அவரே பொறுப்பு என்று சட்டம் சொல்வதால், இடையில் வீடு கைமாறினால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் வரக்கூடிய தகராறை அந்த ஒரு வரி தவிர்க்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆண்டுக் கூட்டத்துக்கான அழைப்பைக் குறைந்தது ஆறு நாட்களுக்கு முன் அனுப்ப வேண்டும் என்பது சட்டத்தின் கீழ் எல்லை. இவர்கள் அந்த எல்லையை ஒட்டியே அனுப்பினார்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் தாளைப் படித்து, ஐயம் கேட்டு, தன் சார்பில் வாக்களிக்க ஒருவருக்கு அதிகாரம் கொடுப்பதற்கு அது போதாது. எல்லா ஆவணங்களும் ஸ்பானிய மொழியில் மட்டுமே வருகின்றன. ஆகஸ்ட் மாதத்தில், கட்டடம் நிரம்பி வழியும் நேரத்தில், அலுவலகத் தொலைபேசி பாதி நாள் எடுக்கப்படுவதில்லை. இவர்களுடைய ஊதியம் செலவுப் பட்டியலில் தனி வரியாக வெளிப்படையாக இருக்கிறது என்றாலும், சிறப்புக் கூட்டத்துக்கும், ஒரு வீட்டின் கட்டணப் பாக்கியைக் காட்டும் நிலுவைச் சான்றிதழுக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பது ஒப்பந்தத்தின் இணைப்பில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் போடும் குடியிருப்புகள் அந்த இணைப்பை முதலில் படிக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழைப் பற்றி, வீடு வாங்க நினைக்கும் தமிழர்களுக்காக ஒரு சொல். வாங்கும் ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் உரிய பொதுக் கட்டண நிலுவைக்கு அந்த வீடே பிணையாகிறது. பழைய உரிமையாளர் கட்டாமல் போனது உங்கள் வீட்டின் மேல் வந்து நிற்கும். எனவே பத்திரப் பதிவின்போது நோட்டரியிடம் நிலுவைச் சான்றிதழை விற்பவர் தர வேண்டும். கேட்ட ஏழு நாட்களுக்குள் அதை நிர்வாகம் வழங்க வேண்டும். அதை வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கச் சட்டம் வாங்குபவரை அனுமதிக்கிறது. விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் கட்டடத்தில் அண்மையில் விற்பனையான ஒரு வீட்டுக்கு இந்த அலுவலகம் சான்றிதழைத் தாமதமின்றித் தந்ததோடு, இன்னும் கட்ட வேண்டிய முகப்புச் சுவர்த் தவணைகளையும் அதில் தனியே குறிப்பிட்டிருந்தது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இவர்களுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்க வாக்களிக்கப் போகிறேன். அதோடு, செலவுத் திட்டத்தின் வரைவைக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கையை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி தலைவருக்கு எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன்.