உள்ளே இருப்பவருக்குப் பணம்: மணியார்டரா, ஆன்லைனா?

சித்தி மகன் சிறைக்குப் போன புதிதில் அவனுக்கு எப்படிப் பணம் அனுப்புவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வழக்கறிஞர் "சிறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார். சிறைக்கு போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மணியார்டர், ஆன்லைன், சிறை வாசல் கவுன்டர் என்று மூன்றையும் முயன்று பார்த்தேன். இப்போது ஆன்லைனில் மட்டும்தான் அனுப்புகிறேன்.

எந்த வழியில் போனாலும் பணம் பொதுவாக அவர் கைக்குப் போகாது. அவர் பெயரில் உள்ள சிறைக் கணக்கில் ஏறும், அதிலிருந்து கேன்டீனுக்கும் போனுக்கும் கழியும். கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015இல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 67ஆம் விதியும், கைதிக்கு வெளியிலிருந்து வரும் பணத்தைப் பாதுகாப்பில் வைத்துக் கணக்கு காட்டத்தான் சொல்கிறது. ஆகவே கடிதத்துக்குள் நோட்டை மடித்து வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

என் முதல் மணியார்டரில் இரண்டு தப்பு. ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதி, கைதி எண்ணை விட்டுவிட்டேன். இன்னொன்று என் கையில் இல்லை: அதற்குள் அவனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பணம் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அந்த ஆறு வாரமும் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அவனோ, போனில் காசில்லாததால், நாங்கள் கைவிட்டுவிட்டோம் என்றே நினைத்திருக்கிறான்.

கட்டணம், வேகம் எல்லாம் அப்புறம். தவறு நடந்தால் அது எப்போது தெரியவரும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நான் பயன்படுத்தும் தளத்தில் கைதி எண்ணும் பிறந்த தேதியும் பொருந்தாவிட்டால் பணம் என் கணக்கை விட்டே நகராது. தப்பு அந்த நிமிடமே தெரிந்துவிடும். இடம் மாற்றினாலும் அதே சிறைத்துறையின் சிறை என்றால் எண் கூடவே போகிறது, பணமும் அவனைத் தேடிப் போய்விடுகிறது. விசாரணைக் காலத்தில் ஒரு சிறை, தண்டனைக்குப் பிறகு இன்னொன்று என்று மாற்றுவது சாதாரணம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. வேறு சிறைத்துறைக்கு மாறினால் மட்டும் எண்ணே மாறலாம், கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகள் இந்தப் பக்கம் எப்போதோ வந்துவிட்டன. தபாலில் ரொக்கமோ காசோலையோ எடுப்பதில்லை. டெபிட் கார்டில் இலவசமாக அனுப்பலாம். மணியார்டர் எல்லா இடத்திலும் மோசம் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) சிறைகளில் அது அந்தந்தச் சிறைக்குப் போகாமல் டெ மாயின் நகரில் உள்ள ஒரே முகவரிக்குப் போகிறது. எட்டு இலக்கக் கைதி எண்ணையும் பதிவான பெயரையும் சரியாக எழுதினால், இடமாற்றத்தில் எனக்கு வந்த வம்பு அங்கே வராது.

ஆன்லைனிலும் ஒரு வலி உண்டு. தனியார் நிறுவனம் நடத்தும் தளம் என்றால் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் பிடிப்பார்கள். சிறுகச் சிறுக அனுப்புவதைவிட மாதம் ஒரே தடவை அனுப்புவது லாபம். நீதிமன்ற அபராதமோ இழப்பீடோ பாக்கி இருந்தால் வரும் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கவுன்டரில் நான் கட்டியது இரண்டே முறை. ரசீது உடனே கையில் கிடைத்தது, அது நிம்மதி. அதற்கு ஒரு நாள் லீவு போனது. பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு அனுபவம் வேறாக இருக்கலாம்.

கடிதத்தில் மட்டும் நான் காகிதப் பக்கம். அமெரிக்க ஃபெடரல் சிறைகளின் மின்னஞ்சலில் எழுத்து மட்டும்தான் போகும், படம் இணைக்க முடியாது. ஆனால் காகிதமும் எல்லா இடத்திலும் காகிதமாகவே போய்ச் சேர்வதில்லை. போதைப்பொருளில் நனைத்த தாள் வருகிறது என்று சொல்லி, பென்சில்வேனியா மாநிலச் சிறைகள் 2018இல் கடிதங்களை ஸ்கேன் செய்து நகலை மட்டும் கொடுக்க ஆரம்பித்தன. உங்கள் சிறை எப்படி என்று முதலில் விசாரியுங்கள். எப்படியானாலும் பிரித்துப் படிப்பார்கள் என்று நினைத்தே எழுதுங்கள். வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், அதற்கு வழக்கறிஞரின் கடிதம் இருக்கிறது. ஸ்டேப்ளர் பின், ஸ்டிக்கர், வாசனைத் தாள், பாட்டுப் பாடும் அட்டை எல்லாம் தவிருங்கள். அனுப்புநர் முகவரி கட்டாயம்.

நான் ஒவ்வொரு கடிதத்துக்கும் வரிசை எண் போடுகிறேன். "15 வந்தது, 17 வந்தது, 16 எங்கே?" என்று அவன் கேட்டு எழுதியதும்தான் புரிந்தது: பதினாறில் அவன் மகள் மினுமினுப்புத் தூள் ஒட்டி வரைந்த மீன் இருந்தது. அதே மீனைப் பென்சிலில் வரையச் சொல்லிப் பதினெட்டில் வைத்து அனுப்பினேன்.