'இன்னொண்டு வேண்டித் தாங்கோ': வெப்கின்ஸ் பொம்மைகளோடு பிள்ளை வளர்த்த அனுபவம்

வெப்கின்ஸ் பற்றி இப்போதும் என்னிடம் கேட்கிற இளம் தாய்மார் இருக்கிறார்கள். சிறு வயதில் தாங்கள் விளையாடிய பொம்மைகளைப் பேஸ்மென்ற் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் மூத்த மகளின் முதல் வெப்கின்ஸ் தொடங்கி, கடைசி மகனின் போகிமொன் அட்டைகள் வரை, 'கையில் ஒரு சாமான், கணினியில் அதற்கொரு வாழ்க்கை' என்ற இந்த வகை விளையாட்டு நீண்ட காலம் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: ரொறன்ரோவை ஒட்டிய வூட்பிரிட்ஜில் இருக்கும் கான்ஸ் என்ற பரிசுப்பொருள் நிறுவனம் 2005 ஏப்ரலில் வெப்கின்ஸை வெளியிட்டது. நாய், பூனை, தவளை, பாண்டா என்று பஞ்சுப் பொம்மைகள். காலடியில் 'டபிள்யூ' எழுத்து தைத்திருக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பிரித்தால் உள்ளே எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு சீக்ரெட் கோட். அதை வெப்கின்ஸ் தளத்தில் அடித்தால் அதே மிருகம் திரையில் வந்து நிற்கும். பிள்ளை அதற்குப் பெயர் வைத்துத் தத்தெடுக்கும். பிறகு அதற்கு ஒரு அறை, கட்டில், சாப்பாடு, உடுப்பு. எல்லாவற்றையும் வாங்குவதற்குக் கின்ஸ்காஷ் என்ற விளையாட்டுக் காசு. அந்தக் காசை விளையாடியும், கேள்விகளுக்கு விடை சொல்லியும், வேலைக்குப் போயும் பிள்ளையே சம்பாதிக்க வேண்டும்.

2006, 2007 இல் இதற்கு இருந்த கிராக்கியை இப்போது சொன்னால் நம்ப மாட்டார்கள். வாழ்த்து அட்டை விற்கும் சிறு கடைகளில் பெட்டி உடைத்து வைத்த அன்றே தட்டு காலியாகிவிடும். பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது என்று வகுப்புக்குக் கொண்டுவரத் தடை போட்ட பள்ளிகளும் இருந்தன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்ன விஷயம் இல்லை. அங்கே மற்றப் பிள்ளைகளோடு கதைப்பதற்கு முன்கூட்டியே எழுதி வைத்த வசனங்களில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். தாமாகத் தட்டச்சு செய்யும் வசதி வேண்டுமென்றால் பெற்றோரின் அனுமதி தேவை; அப்போதும் தளம் ஏற்றுக்கொண்ட சொற்கள் மட்டுமே போகும். முகம் தெரியாத ஒருவர் என் பிள்ளையிடம் வீட்டு விலாசத்தையோ தொலைபேசி இலக்கத்தையோ கேட்டு வாங்க வழியே இல்லை. பிறகு வந்த எத்தனையோ விளையாட்டுகளில் இந்த ஒரு நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை. வளர்க்கும் மிருகம் சாவதும் இல்லை. கவனிக்காமல் விட்டால் நோய் வரும், டொக்டர் குவாக்கிடம் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது போதும்.

இனி ஆசையின் கதைக்கு வருவோம். பெற்றோர் படும் பாடெல்லாம் இங்கேதான்.

ஒவ்வொரு புதுப் பொம்மையோடும் கொஞ்சம் கின்ஸ்காஷ், ஒரு புது அறை, அந்த மிருகத்துக்கென்றே ஒரு தனிச் சாமான் ஆகியவை வரும். அந்தத் தனிச் சாமானை விளையாட்டுக்குள் இருக்கும் டபிள்யூ ஷொப் என்ற கடையில் வாங்க முடியாது. மாதத்துக்கு ஒரு மிருகம் 'இம்மாதச் செல்லம்' என்று அறிவிக்கப்படும். அந்த மாதத்தில் அதைத் தத்தெடுத்தால் கூடுதல் பரிசு. சில வகைகள் 'ஓய்வு பெற்றுவிடும்', அதாவது இனிச் செய்ய மாட்டார்கள். எல்லாவற்றையும் விட அழுத்தமான விதி ஒன்று ஆரம்பகாலத்தில் இருந்தது. ஒரு தத்தெடுப்பு ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் இன்னொரு பொம்மை வாங்கிக் கோட் அடிக்காவிட்டால் கணக்கு மூடப்படும். வளர்த்த மிருகமும் அலங்கரித்த அறையும் போய்விடும். பிற்காலத்தில் இந்த விதி தளர்ந்தது. ஆனால் ஒரு சிறு பிள்ளையின் பாசத்துக்குக் காலக்கெடு வைத்து அதன் மேல் வியாபாரம் செய்வது தவறு என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த பிறகு 'என்ன ஒரே ஆசை பிடித்த பிள்ளை' என்று பிள்ளையைத் திட்ட மனம் வராது. எனக்கு வரவில்லை. அந்த ஆசையைத் தூண்டுவதற்கென்றே பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த சாமான் அது. பிள்ளை ஆசைப்படாவிட்டால்தான் அதிசயம்.

மகளுக்கு ஏழு வயதிருக்கும். மோலில் ஒரு கடைத் தட்டின் முன் நின்றுகொண்டு தொடங்கினாள்.

"அம்மா, எனக்கு அந்தப் பாண்டா வேண்டித் தாங்கோ."

"வீட்டில மூண்டு இருக்குத்தானே பிள்ளை. இது என்னத்துக்கு?"

"இதோட ஒரு சாமான் வரும் அம்மா. டபிள்யூ ஷொப்பில அது இல்லை. மச்சாளிட்ட இருக்கு."

அந்தப் பதிலில் பாண்டாவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவளுக்கு வேண்டியது திரைக்குள் இருக்கும் ஒரு சாமான். அதுவும் மச்சாளிடம் இருப்பதால். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 'வேண்டும்' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விசாரிப்பதை வழக்கமாக்கினேன். 'ஓம்', 'இல்லை' என்ற பதிலுக்கு அவசரப்படுவதில்லை. ஒரு கொப்பி கொடுத்தேன். ஆசைப்பட்ட பொம்மையின் பெயர், திகதி, ஏன் வேண்டும் என்பது, மூன்றையும் அவளே எழுத வேண்டும். மாதக் கடைசியில் இருவருமாக வாசிப்போம். பாதிக்கு மேற்பட்டவற்றை அவளே வெட்டிவிடுவாள். மிஞ்சியவை உண்மையான ஆசைகள். பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் அவற்றிலிருந்து வாங்கிக் கொடுத்தேன். அப்படி வாங்கியபோது ஒரு சொல்லும் சொல்லிக் குத்திக் காட்டவில்லை.

திரைச் சாமானுக்காக வந்த ஆசைக்குக் கின்ஸ்காஷ் சேர்ப்பதே வழியாயிற்று. விளையாட்டுக்குள் ஆர்ட்டி பாக்ட் என்பவரின் பழம்பொருள் கடை இருக்கிறது. அபூர்வச் சாமான்கள் அங்கே வந்து போகும். அதில் ஒன்றைக் குறி வைத்து, அன்றன்றைய சம்பாத்தியத்தைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டுவாள். கூட்டல் கழித்தல் பழகியதே அதில்தான் என்று சொன்னால் மிகையில்லை. மச்சாளிடம் இருக்கிறது என்று வந்த ஆசைக்கு மச்சாளையே வீட்டுக்குக் கூப்பிட்டோம். இரண்டு பேரும் ஒரே கதிரையில் நெருங்கி இருந்து ஒருவரின் அறையை மற்றவர் பார்ப்பார்கள். விளையாட்டுக்குள் இருக்கும் கின்ஸ்போஸ்ட் என்ற தபாலில் ஒருவருக்கொருவர் பரிசு அனுப்புவார்கள். அதன் பிறகு அந்தச் சாமானைப் பற்றிய பேச்சே எழவில்லை.

பஞ்சுப் பொம்மையின் மேலேயே ஆசை வைத்து, கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்க வேண்டும் என்று கேட்டால், அதற்கு நான் இலகுவில் இணங்கினேன். அப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் பெரியது ஒன்று 15 டொலருக்குள் வந்தது. லில்கின்ஸ் என்ற சிறியது அதிலும் குறைவு. சீக்ரெட் கோட் என்பதை மறந்துவிட்டுப் பார்த்தாலும் அந்த விலைக்குத் தரமான பொம்மைதான். மகள் கையில் இருந்த தவளை எத்தனையோ தடவை சலவை இயந்திரத்துக்குள் போய் வந்தும் தையல் விடவில்லை.

காசு பற்றி இன்னொன்று. எங்கள் தமிழ்க் கொண்டாட்டங்களில் பிள்ளைகள் கையில் என்வலப் வந்து குவியும். 'என்ர காசுதானே' என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன பதில்? நாங்கள் வகுத்தது, பெரும் பங்கு வங்கிக்கு, சிறு பங்கு பிள்ளையின் விருப்பத்துக்கு. அந்தச் சிறு பங்கில் அவள் எதை வாங்கினாலும் நான் தலையிடவில்லை. 'மாமா தந்தது, சித்தி தந்தது' என்று கடையில் நின்று வாதாடும் நிலை அதோடு நின்றது.

நேரத்தைக் கட்டுப்படுத்த விளையாட்டின் அமைப்பே கைகொடுத்தது. பரிசுச் சக்கரத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சுற்றலாம். சுரங்கத்தில் இரத்தினக் கல் தேடுவதற்கும் தினசரி அளவு உண்டு. வேலைக்குப் போனால் அடுத்த வேலைக்கு 8 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளையைத் தினமும் வரவைப்பதற்காக வைத்தவைதான் இவை. ஆனால் பெற்றோருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 'சக்கரம், சுரங்கம், வேலை, சாப்பாடு, முடிஞ்சுது' என்று ஒரு இயல்பான முடிவு கிடைக்கிறது. மணிக்கூட்டைக் காட்டி எழுப்புவதைவிட இது பிள்ளைக்கு நியாயமாகத் தெரியும். விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்த பெற்றோருக்குத்தான் இந்த இடைவெளிகள் கண்ணில் படும். அதனால் பிள்ளைக்கு முதல் கோட் அடித்துக் கொடுக்கும் நாளில் நீங்களும் கூட இருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

எங்கள் அம்மாவும் இதில் இருந்தார். வெப்கின்ஸ் வீட்டின் முற்றத்தில் தோட்டம் போடலாம். விதை நட்டுத் தினமும் கிளறித் தண்ணீர் விடாவிட்டால் பயிர் வாடிவிடும். மகள் பள்ளிக்குப் போன நேரத்தில் அந்தத் தோட்டம் அம்மம்மாவின் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் நட்டு இறைத்த கை, ஸ்காபரோவில் மௌஸைப் பிடித்துத் திரையில் தண்ணீர் விட்டது. மாலையில் பேத்தி வந்ததும் "தக்காளி பழுத்திட்டுது பிள்ளை, ஆய்ஞ்சு போட்டு வா" என்பார். தமிழ் பேசச் சுணங்கிய பிள்ளைக்கும் ஆங்கிலம் வராத அம்மம்மாவுக்கும் நடுவில் ஒரு பொது வேலை கிடைத்தது. அதற்காகவே எனக்கு இந்த விளையாட்டின் மேல் தனி மதிப்பு உண்டு.

இணையத்தில் வாழும் எதுவும் ஒருநாள் மாறும் அல்லது மூடும் என்பதையும் பிள்ளைகள் இந்த வீட்டில்தான் பார்த்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த கிளப் பெங்குவின் என்ற சிறுவர் இணைய விளையாட்டும் 2005 இல்தான் தொடங்கியது. 2007 இல் டிஸ்னி வாங்கியது. 2017 மார்ச்சில் மூடப்பட்டது. கையில் இருக்கும் உருவத்தை வைத்துத் திரையில் விளையாடும் டிஸ்னி இன்பினிட்டியும் 2016 இல் கைவிடப்பட்டது. வெப்கின்ஸ் மட்டும் தாக்குப்பிடித்தது. இணைய விளையாட்டுகளை ஓட்டிய ஃபிளாஷ் தொழில்நுட்பம் 2020 முடிவில் நிறுத்தப்பட்டபோது பழைய உலகத்தைத் தனிச் செயலியாக மாற்றி, புதிதாக இன்னொன்றையும் தொடங்கினார்கள். அதே 2020 ஏப்ரலில் ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் வெப்கின்ஸ் கணக்குகளின் பயனர் பெயர்களும் மறையாக்கப்பட்ட கடவுச்சொற்களும் கசிந்ததாகச் செய்தி வந்தது. செய்தி கேட்டவுடன் மகளைக் கூப்பிட்டுச் சிறு வயதுக் கடவுச்சொல் வேறெங்கும் இருக்கிறதா என்று பார்த்து மாற்றினோம். பிள்ளையின் விளையாட்டுக் கணக்குக்கென்று தனிக் கடவுச்சொல் வையுங்கள். வீட்டு மின்னஞ்சலுக்குள்ளதை அங்கே போடாதீர்கள்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007 இறுதியில் வெப்கின்ஸ் தளத்துக்குள் சினிமா விளம்பரங்கள் வந்தபோது பெற்றோர் தரப்பிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. நாங்கள் வாழும் ஒன்ராறியோவில் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. பக்கத்து கியூபெக்கில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறி வைத்த வணிக விளம்பரத்துக்கு 1980 முதல் தடை. ஏர்வின் டோய் என்ற விளையாட்டுச் சாமான் நிறுவனம் அதை எதிர்த்து வழக்காடி, 1989 இல் கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. எல்லா மாகாணங்களிலும் அந்தச் சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எட்டு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டையும் விளம்பரத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

கடைசி மகனின் காலத்தில் நிலைமை கடுமையாகிவிட்டது. வெப்கின்ஸில் பிள்ளை கண்ணால் பார்த்து, தொட்டு, பிடித்ததை எடுக்கும். ரோப்ளாக்ஸ் என்ற இணைய விளையாட்டின் மர்மப் பெட்டிகளிலும் போகிமொன் அட்டைப் பொதிகளிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று உடைக்கும் வரை தெரியாது. கூடவே இணைய விளையாட்டுக்கு ஒரு கோட். 'அடுத்ததில வரும்' என்று பிள்ளை சொல்லத் தொடங்கிவிட்டால் அது ஆபத்தான பழக்கம். இதில் நான் மகளிடம் காட்டிய தாராளத்தைக் காட்டவில்லை. மூடிய பெட்டி வாங்குவதில்லை என்பது வீட்டு விதி. போகிமொன் அட்டை வேண்டுமென்றால், தனி அட்டையாக விற்கும் கடைக்குக் கூட்டிப்போய், விலை பார்த்து, விரும்பிய ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்வேன். பொதியை உடைக்கும் சுகம் அதில் இல்லை என்று மகன் குறைப்பட்டான், அது உண்மைதான். ஆனால் தெரிவு செய்த அட்டைகளை அவன் இன்றும் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறான்.

இப்போது தொடங்குகிறவர்கள் பழைய வெப்கின்ஸ் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோட் ஒரு கணக்குக்குத்தான், ஒரு தடவைதான் செல்லும். ஒட்டியபடி இருக்க வேண்டிய மடிப்பு பிரிந்திருந்தால் யாரோ அதைப் பாவித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கராஜ் சேலில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் அட்டையே இருக்காது. அப்படியானதை வாங்கும் முன் 'இது கட்டிலில் வைத்து விளையாட மட்டும்' என்று பிள்ளைக்குச் சொல்லி, அவர் ஓம் என்றால் மட்டும் காசைக் கொடுங்கள்.