அல்லுலோஸ் போட்ட பாயசமும் பச்சையான பெனடிக்டும்

தங்கை மகள் ஓணத்துக்கு வந்தபோது அமெரிக்காவிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். பெயர் அல்லுலோஸ். பார்வைக்கு நம் சீனி மாதிரியேதான், கொஞ்சம் நைசு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன லேபில் இருபது வருஷமாக ரத்தமும் சிறுநீரும் பார்ப்பவள் நான். அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. அதனால் இரண்டு வாரம் அடுப்பிலும் டெஸ்ட் ட்யூபிலும் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

"கண்ணு, இது சக்கரையா மருந்தா?" என்று அம்மா கேட்டாள்.

சர்க்கரைதான். பழங்களில் உள்ள ஃப்ரக்டோஸின் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. மூன்றாம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் (ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது. அத்திப்பழத்திலும் உலர்திராட்சையிலும் துளித்துளியாக இருக்கிறது, பிரித்தெடுத்துக் கட்டுப்படியாகாது. ஜப்பானில் ககாவா பல்கலைக்கழகத்தின் இசுமோரி கென், ஃப்ரக்டோஸை இதுவாக மாற்றும் நொதியை ஒரு பாக்டீரியாவில் கண்டுபிடித்த பிறகுதான் நிறைய தயாரிக்க வழி பிறந்தது. அந்த ஒரே ஒரு திருப்பத்தால் நம் உடம்புக்கு இதை எரிக்கத் தெரியாது. குடல் உறிஞ்சியதில் பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் போய்விடும். கிராமுக்கு 0.4 கலோரி, சீனிக்கு 4.

பொட்டலத்தின் பின்பக்கம் பார்த்தால் மாவுச்சத்து இத்தனை கிராம் என்று இருக்கும், சர்க்கரை பூஜ்யம் என்றும் இருக்கும். அச்சுப்பிழை இல்லை. 2019-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைச் சர்க்கரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மாவுச்சத்துக் கணக்கில் மட்டும் வரும்.

கட்டன் சாயாவில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்ததில் அளவு ஏறவில்லை. ருசி சுத்தம், நாக்கில் கசப்பு ஒட்டவில்லை. இனிப்பு மட்டும் சீனியில் பத்துக்கு ஏழு பங்குதான்.

பால் பாயசத்தில்தான் எனக்கு மனசு நிறைந்தது. ஆறு பேருக்கு 60 கிராம் போட்டேன். பாலோடு சூடேறினால் அல்லுலோஸ் சீனியைவிடச் சீக்கிரம் நிறம் பிடிக்கும். கொஞ்ச நேரத்திலேயே, மணிக்கணக்கில் குறுகக் காய்ச்சிய கோயில் பாயசத்தின் இளஞ்சிவப்பு வந்துவிட்டது. தீயைக் குறைத்தே வையுங்கள். அப்புறம், அரிசி அரிசிதான், பாலிலும் சர்க்கரை உண்டு. அன்றைக்கு அம்மாவுக்கு அரை டம்ளரோடு நிறுத்திவிட்டேன்.

எள்ளுருண்டைக்கு ஆகவே ஆகாது. பாகு மொறுமொறுப்பாக இறுகவில்லை. உருண்டை மறுநாளும் கையில் ஒட்டியது.

இனி, லேபில் வேலை செய்பவளாக நான் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. எனக்குச் சர்க்கரை இல்லை. காலையில் இரண்டு ஸ்பூன் போட்ட சாயா குடித்து, மூன்று மணி நேரம் கழித்து என் சிறுநீரையே சோதித்தேன். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பழைய நீலக் கரைசல் பெனடிக்ட்; அதில் ஐந்து மில்லி எடுத்து எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால், நீலம் போய்ப் பச்சை வந்தது, அடியில் மஞ்சள் வண்டல். குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி உள்ள ஸ்ட்ரிப்பை அதே சிறுநீரில் நனைத்தேன்; நிறம் மாறவே இல்லை. காரணம் எளிது: பெனடிக்டில் உள்ள தாமிரத்தோடு வினைபுரியும் சர்க்கரை (ஒடுக்கும் சர்க்கரை என்போம்) எதுவானாலும் அது நிறம் மாறும், அல்லுலோஸும் அதில் ஒன்று; ஸ்ட்ரிப் குளுக்கோஸை மட்டும்தான் அடையாளம் காணும். எங்கள் பக்கத்துச் சின்ன லேப்களில் இன்னும் பெனடிக்ட் பாட்டில் இருக்கிறது. அல்லுலோஸ் சாப்பிடுபவர்கள் சிறுநீர் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இல்லாத சர்க்கரைக்கு ஒரு வீடே இரண்டு நாள் தூங்காமல் கிடக்கும். அப்படி அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அளவும் முக்கியம். ஒரே வேளையில் உடல் எடை கிலோவுக்கு 0.4 கிராமுக்கு மேல் போகாதீர்கள். 55 கிலோ இருக்கும் அம்மாவுக்கு 22 கிராம். பாயசம் நன்றாக இருக்கிறதென்று மாமா மூன்று டம்ளர் குடித்தார். ராத்திரி முழுக்க வயிறு இரைந்துகொண்டே இருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

விலையைப் பார்த்தால் சமையலறை டப்பாவில் கொட்டிவைக்கும் பொருள் இல்லை இது. பொட்டலத்தில் இன்னும் கால்வாசி இருக்கிறது. அதை அம்மாவின் காலைச் சாயாவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.